அண்ணாமலையும் அருணாசலமும்



திருவண்ணாமலை என்னும் ஊருக்கு மூன்று பெயர்கள் வழங்கக் கேட்கிறோம். கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும்போது அது அண்ணாமலை. வடமொழி அருச்சனையில் அது அருணாசலம். பேருந்து நிலையத்தில் நின்றால், 'திருணாமலை, திருணாமலை' என்று நடத்துநர் கூவி அழைப்பது காதில் விழும். இவற்றுள் எது முந்தியது? எதிலிருந்து எது பிறந்தது? இவ்வினாவை மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் எழுப்புவது வழக்கம். வினாவை எழுப்பிய கையோடு விடையையும் அவர்களே கூறிவிடுவதும் வழக்கம். வடமொழிப் பற்று மிக்கவன், அருணம் என்பதே அண்ணா என்று திரிந்தது என்பான். தமிழ்ப் பற்று மிக்கவன், அண்ணா என்பதையே அருணம் என்று மாற்றிக்கொண்டனர் என்பான். வழக்காடுவோர் இருவர், ஆனால் அவர்கள் காட்டும் சான்று ஒன்றே. இரு சொற்களும் ஒலியால் ஒத்திருக்கின்றன என்பதே அது.

ஒலி ஒத்திருப்பது ஒரு சான்றாகுமா? ஆங்கிலத்தில் 'ஒன்' என்னும் எண்ணுப்பெயரையும் தமிழில் 'ஒன்று' என்பதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், உடன்பிறந்தவை போலவே ஒலிக்கின்றன. ஆயின் அவ்வாங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தைத் தேடிச் சென்றால் அது 'ஆன்' என்று நிற்கிறது. அதன் உறவோ இலத்தீன் மொழியின் 'ஊனுஸ்' என்பதோடு. பின்னோக்கிச் செல்லச் செல்லத் தமிழோடு கொண்டிருந்த ஒப்புமை தேய்ந்து மறைகிறது. இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. நடு இந்தியாவில் வாழும் கோண்டு மக்கள் ஐந்தைச் 'சையூங்' என்றும், ஆறைச் 'சாரூங்' என்றும் கூறுவர். கேட்ட மாத்திரத்தில் நமக்கு இவை அயற்சொற்களாகவே தோன்றும். ஆயினும் இவை நம் ஐந்துக்கும் ஆறுக்கும் நேரான உடன்பிறப்புகள். சொல்லின் முதலில் நின்ற சகரம் தமிழில் தேய்ந்து போயிற்று; கோண்டியில் நின்றுவிட்டது; அவ்வளவே வேறுபாடு. இச்சகரத்தை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது மீண்டும் நமக்கு வேண்டியிருக்கும்.

ஆகவே சொல்லாராய்ச்சிக்கு இரண்டு துணைகள் வேண்டும். ஓர் ஒலி இன்னவாறு மாறும் என்று பல சொற்களால் நிறுவப்பட்ட விதி ஒன்று. இன்ன காலத்தில், இன்ன இடத்தில், இன்ன வடிவம் வழங்கியது என்று உரைக்கும் சாட்சி மற்றொன்று. 1816இல் சென்னையில் எல்லிஸ் துரையும், 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயரும் திராவிட மொழிகளின் உறவை நாட்டியது காதின் துணைகொண்டு அன்று. வேர்களை நிரல்பட வைத்து விதி கண்டமையாலேயே. 1961இல் பர்ரோ, எமனோ என்னும் இரு பேரறிஞர்கள் இணைந்து வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியும் அவ்வழியில் எழுந்ததே.

நம் ஊர்ப்பெயருக்கு வருவோம். அருணம் என்னும் வடசொல் இவ்வட்டாரத்து மக்கள் நாவில் 'அண்ணா' என்று திரிந்திருக்கக் கூடுமா? இதனை அறிய வேண்டுமானால், 1400 ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியில் வாழ்ந்த எளிய மக்கள் வடமொழிப் பெயர்களை எவ்வாறு ஒலித்தனர் என்பது தெரிய வேண்டும். அதனை நமக்கு யார் சொல்வார்? புலவர் பாடல்கள் ஏட்டில் பலமுறை படியெடுக்கப்பட்டு நம் கைக்கு வந்தவை. அரசர் செப்பேடுகளோ அவைக்களத்துப் புலமையைக் காட்டுபவை. சிற்றூர் மாந்தரின் நாவைக் காட்டும் சாட்சி வேறோர் இடத்தில் கிடைக்கிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்துக் காடுகளிலும் கழனிகளிலும் நிற்கும் நடுகற்களே அச்சாட்சி.

ஆநிரை கவர வந்தோரை எதிர்த்தும், கவர்ந்து சென்ற நிரையை மீட்டும் உயிர் நீத்த வீரர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் இவை. வில்லும் குறுவாளும் ஏந்திய வீரன் உருவம் கல்லில் புடைத்து நிற்கும். பக்கத்தில் சில வரிகள் இருக்கும். அவ்வரிகளில் ஆளும் அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் பட்ட காரணம் ஆகியவை சுருக்கமாக வரும். ஆட்சியாண்டு இருப்பதே ஆராய்ச்சியாளனுக்குப் பெரும்பேறு. ஒரு சொல்லின் வடிவத்தை இன்ன ஆண்டை ஒட்டியது என்று கூற இதனினும் சிறந்த கருவி இல்லை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இவற்றைத் தேடித் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது.

இக்கற்களுள் புகழ்மிக்கது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்டது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைகளின் பொருட்டுப் பட்டான் என்பது செய்தி. அவனுடைய நாய் கள்ளரைக் கடித்து அங்கேயே காத்து நின்றது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் கூறுகிறது. வீரன் அருகில் நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. பல்லவப் பேரரசின் படைத்தலைவர் எத்தனையோ பேர் பெயர் தெரியாமல் மறைந்தனர். எடுத்தனூர் நாயின் பெயரோ நின்றுவிட்டது. வீரனைக் காட்டிலும் நாய்க்கே இன்று புகழ் மிகுதி என்று சொன்னாலும் பிழையில்லை.

இனி இக்கற்களில் அரசர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும் வகையைப் பாருங்கள். சிம்மவிஷ்ணுவர்மன் என்று நாம் வரலாற்று நூலில் படிக்கும் மன்னன், இங்கே 'சிங்கவிண்ண பருமன்' ஆகிறான். மகேந்திரவர்மனோ 'மயிந்திர பருமன்'. செதுக்கிய கல்தச்சன் கல்லாதவனாதலின் பிழைபட எழுதினான் என்று தள்ளிவிட நினைப்போர் உண்டு. அவ்வாறு தள்ளினால் கையில் கிடைத்த பொன்னைக் குப்பையில் எறிந்தவர்களாவோம். பிழையாயின் கல்லுக்குக் கல் வேறுபட்டிருக்க வேண்டும். இங்கோ ஒழுங்கு காணப்படுகிறது. விஷ்ணு என்பதில் இரு மெய்கள் மயங்கி நிற்கும் இடம் 'ண்ண' என்று தமிழ்ப்படுகிறது. மகேந்திரன் என்பதில் உள்ள ஹகரம் மறைந்து, அவ்விடத்தில் உடம்படுமெய்யாக யகரம் வந்து நிற்கிறது. வர்மன் என்பதில் ரகரமும் மகரமும் நேரே மோதாதபடி இடையில் ஓர் உகரம் புகுகிறது. முதலில் நின்ற வகரம் பகரமாகிறது. வடசொல்லை எடுத்தாளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்ததை நாம் அறிவோம். அவ்விதி இலக்கணம் கற்றோருக்கு மட்டும் உரியதன்று, ஆடு மாடு மேய்ப்போர் ஊரிலும் நாவின் இயல்பாகவே நடந்து வந்தது என்பதற்கு இக்கற்கள் சான்று.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இக்கற்களில் காண்பது இன்று நாம் எழுதும் தமிழெழுத்தின் முன்னோடி அன்று; வட்டெழுத்து. பழந்தமிழ்க் குகைக் கல்வெட்டுகளில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்து, வளைந்து வளைந்து வட்டெழுத்தாக மாறியது. பல்லவ அரசவையில் வடமொழிக்குக் கிரந்த எழுத்து வழங்கியது. அதனோடு நெருங்கிய உறவுடைய தமிழெழுத்து தொண்டை நாட்டில் பரவியது. கிரந்தத்தில் இல்லாத ழ, ற, ன போன்றவற்றை அது வட்டெழுத்திலிருந்து எடுத்துக்கொண்டது. காஞ்சியில் அரசன் ஓர் எழுத்தை வளர்க்க, அவன் பெயரையே செங்கத்துக் கல்தச்சன் வேறோர் எழுத்தில் வெட்டிக்கொண்டிருந்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பின்னர்ச் சோழர் ஆட்சி பரவியபோது, பதினோராம் நூற்றாண்டில் பாண்டி நாட்டிலும் வட்டெழுத்து பின்வாங்கியது. மலைநாட்டில் மட்டும் அது நெடுங்காலம் வழங்கிக் கோலெழுத்து என்னும் வடிவமும் பெற்றது.

வட்டெழுத்தைப் படிப்பது எளிதன்று. பகரமும் யகரமும் வகரமும் ஒன்றோடொன்று மயங்குமாறு ஒத்திருக்கும். மெய்க்குப் புள்ளி இடப்பட்டிராத இடங்கள் பல. எகர ஏகார வேறுபாட்டையும் எழுத்தைக்கொண்டு அறிய இயலாது. ஆகவே கல்லைக் கண்ணால் பார்த்த அளவில் படித்துவிட முடியாது. முதலில் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, முள்தூரிகையால் மெல்லத் தட்டிப் பள்ளங்களில் எல்லாம் தாள் படியுமாறு செய்வர். ஈரம் சற்றே உலர்ந்ததும் மை தோய்த்த பொதியால் ஒற்றுவர். மேடெல்லாம் கறுத்து, எழுத்து வெள்ளையாக நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். செங்கம் பகுதியில் ஒரு கல்லுக்கு மைப்படி எடுக்கும்போது நானும் உடன் நின்று பார்த்திருக்கிறேன். வெயிலில் வெறும் கீறலாகத் தோன்றியவை தாளில் சொற்களாக எழுந்து வந்த காட்சி என் நினைவை விட்டு நீங்கவில்லை. அக்கல்லை ஊரார் வேடியப்பன் என்று வணங்கி வந்தனர். அவ்வட்டாரத்து நடுகற்கள் பல இப்பெயரோடு தெய்வமாகி நிற்கின்றன. பூசிய எண்ணெயும் நீறும் எழுத்தை மறைத்தது உண்மையே; ஆயினும் அந்த வழிபாடே கல் படிக்கட்டாகவோ வரப்புக் கல்லாகவோ போய்விடாமல் காத்தது என்பதும் உண்மை.

இக்கற்களில் 'தொறு' என்னும் சொல் அடிக்கடி வருகிறது. ஆநிரை என்பது அதன் பொருள். இன்றைய பேச்சில் இச்சொல் இல்லை. ஆனால் கன்னட நாட்டு வீரக்கற்களைப் பாருங்கள். அங்கும் ஆநிரையைக் குறிக்கத் 'துறு' என்னும் சொல்லே நிற்கிறது. நிரை கவரும் தொழிலைப் போலவே அதன் சொல்லும் இரு நாடுகளுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

இப்போது நம் வழக்குக்கு விடை தேடலாம். வடசொல்லில் மெய்கள் மயங்கி நின்றால் 'ண்ண' தோன்றும் என்று கண்டோம். வர்ணம் வண்ணமாவதும், விஷ்ணு விண்ணுவாவதும் அவ்வாறே. ஆனால் அருணம் என்னும் சொல்லில் ரகரமும் ணகரமும் மயங்கி நிற்கவில்லை. இடையில் உகரம் அரண்போல் நிற்கிறது. பிராகிருத மொழியிலும் அச்சொல் அருணம் என்றே நின்றது. தமிழிலும் கதிரவனின் தேர்ப்பாகன் அருணனாகவே வருகிறான், அண்ணன் ஆகவில்லை. பிற்காலத்தில் அருணகிரிநாதர் இவ்வூரை அருணை என்று பாடியபோதும் ரகரம் தன் இடத்தில் அசையாது நிற்கிறது. எனவே அருணம் திரிந்து அண்ணா ஆயிற்று என்பதற்கு ஒலிவிதி துணை செய்யவில்லை. காலச் சாட்சியும் அவ்வாறே. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் இத்தலத்துக்குப் பாடிய பதிகங்களில் காண்பது அண்ணாமலை என்னும் பெயரே.

அப்படியாயின் அண்ணா என்பதன் பொருள் யாது? இங்கே அம்மையின் பெயர் நமக்கு வழிகாட்டுகிறது. உண்ணாமுலை என்பது அம்மையின் திருப்பெயர். சம்பந்தர் பதிகம் ஒன்று அச்சொல்லைக்கொண்டே தொடங்குகிறது. வடமொழியில் அம்மைக்கு அபீதகுசாம்பாள் என்று பெயர். 'அபீத' என்றால் உண்ணப்படாத. 'குச' என்றால் முலை. தமிழ்ப்பெயரின் எதிர்மறையையும் விடாமல் சொல்லுக்குச் சொல் நேராகப் பெயர்த்திருக்கின்றனர். முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் இவ்வகைப் பெயர்ப்பே. உண்ணா என்பதைப் போலவே அண்ணா என்பதையும், அண்ணுதல் அதாவது நெருங்குதல் என்னும் வினையின் எதிர்மறையாகக் கொண்டு, நெருங்க இயலாத மலை என்று பொருள் கூறுவது மரபு. அயனும் மாலும் அடிமுடி காணாத கதைக்கு அது மிகவும் பொருந்தும்.

ஆயினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. அம்மையின் பெயரை அத்துணை நுட்பமாகப் பெயர்த்தவர்கள், நெருங்க இயலாத மலை என்னும் பொருள் அக்காலத்தில் தெளிவாக விளங்கியிருந்தால், மலையின் பெயரையும் அவ்வாறே பெயர்த்திருக்க மாட்டார்களா? பொருளைப் பெயர்க்காமல், ஒலியால் சற்றே ஒத்ததும் செந்தழலை நினைவூட்டுவதுமான அருணம் என்னும் சொல்லை அவர்கள் தேர்ந்துகொண்டனர். அண்ணா என்பதன் பொருள் அப்போதே மங்கியிருந்தது போலும். 'அண்' என்னும் பழைய வேர் ஒன்று தமிழில் உண்டு. மேல் என்பது அதன் கருத்து. வாயின் மேற்புறம் அண்ணம், உயர்ந்தோன் அண்ணல், மேல்நோக்கிப் பார்ப்பது அண்ணாத்தல். சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் இம்மலையின் அடியில் நிற்பவன் செய்யக்கூடியது அண்ணாந்து பார்ப்பதே. இவ்வேரிலிருந்து பெயர் வந்திருக்கலாம் என்பது என் துணிபு. இதனை விதியும் தடுக்கவில்லை. ஆயின் இதற்கென்று தனிச் சாட்சி சொல்லும் கல் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லையாதலின், துணிபு என்ற அளவில் நிறுத்துகிறேன்.

நடத்துநர் கூவும் 'திருணாமலை'யை மறந்துவிட்டோமல்லவா? கற்றோர் சிலர் அதனைக் கொச்சை என்று முகம் சுளிப்பர். ஆனால் அக்கொச்சைக்கும் வயதுண்டு. 1767இல் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் இவ்வூரில் போர் நடந்தது. அக்காலத்தைப் பற்றிய ஆங்கில நூல்கள் ஊரின் பெயரைத் 'திரினோமலி' என்று எழுதுகின்றன. வெள்ளையர் நாவில் தமிழ்ப்பெயர் சிதைந்தது என்று நகைப்பதே நம் வழக்கம். சிதைவு ஒருபுறம் இருக்க, அவர்கள் காதில் விழுந்தது எது என்று கேட்டுப் பாருங்கள். 'வண்' என்னும் ஓசைக்கு அவ்வெழுத்தில் இடமே இல்லை. ஆக, இன்று பேருந்து நிலையத்தில் கேட்கும் வடிவம் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர் வழக்கில் இருந்தது. சங்ககாலத்துச் செங்கண்மா தேய்ந்து இன்றைய செங்கமாக நிற்பதும் இத்தகைய நாவின் வேலையே. பேச்சுவழக்கு என்பது செந்தமிழின் குப்பைத்தொட்டி அன்று. அதற்கும் வரலாறு உண்டு, விதியும் உண்டு.

இதுவரை கண்டவற்றில் கல்லைக் கொண்டு விதியை அறிந்தோம். விதி முதலில் பிறந்து, கல் பின்னர் வந்து சாட்சி சொன்ன ஓர் அரிய நிகழ்ச்சியும் இவ்வட்டாரத்துக்கு அண்மையிலேயே நடந்தது. அதனைக் கூறி முடிக்கிறேன்.

அசோகர் தம் இரண்டாம் பாறைக் கட்டளையில் தெற்கே உள்ள அண்டை நாட்டாராகச் சோழர், பாண்டியர், சதியபுதர், கேதலபுதர் ஆகியோரைக் குறிக்கிறார். 1837இல் பிரின்செப் அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டது முதல் சதியபுதர் யார் என்னும் கேள்வி அறிஞர்களை அலைக்கழித்தது. கேதலபுதர் சேரர் என்பதில் ஐயம் இல்லை. சதியபுதருக்கோ, ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு ஒவ்வொருவரும் ஓரிடம் காட்டினர். சத்தியமங்கலம் என்றார் ஒருவர். காஞ்சியாகிய சத்தியவிரதத் தலம் என்றார் மற்றொருவர். மகாராட்டிரத்தில் வழங்கும் சாத்புதே என்னும் குடிப்பெயரைக் காட்டினோரும், வாய்மை தவறாத கோசர் என்றோரும் உண்டு. எல்லாம் 'சத்தியம்' என்னும் ஒலியின் மயக்கம்.

வேறு சிலர் விதியின் வழியே நடந்தனர். கே. ஜி. சேஷையர் சதியபுதரை அதியமான் மரபினர் என்றார். மொழிநூல் வல்லாராகிய பர்ரோவும் அம்முடிபுக்கு விளக்கம் தந்தார். முன்னே நினைவில் இருத்தச் சொன்ன சகரம் இங்கே வருகிறது. சொல் முதலில் நின்ற சகரம் தமிழில் தேய்வதுண்டு. சமணர் அமணர் ஆவர்; சிரவிட்டை அவிட்டம் ஆகும்; சிராவணம் ஆவணி ஆகும்; சிப்பியே இப்பியாகவும் வழங்கும். ஆகவே சதிய என்பது தமிழில் அதிய என நிற்கும். 'புத' என்பது மகன் என்னும் பொருளுடைய பிராகிருதச் சொல். தமிழில் மகன் என்பது பெயரின் இறுதியில் 'மான்' என்று குறுகும். கேரளபுத்திரன் சேரமான் ஆனால், சதியபுதன் அதியமான் ஆவதில் தடை என்ன? ஒன்றுக்கொன்று நேராக இரண்டு பெயர்கள், ஒரே அமைப்பில்! காதுக்கு மிகத் தொலைவாகத் தோன்றிய விடை, விதிக்கு மிக அருகில் இருந்தது. ஆயினும் சாட்சி இல்லாமையால் பலர் அதனை ஏற்கவில்லை.

1981இல் சாட்சி வந்தது. திருக்கோவலூருக்கு அண்மையில், தென்பெண்ணையாற்றங்கரைப் பகுதியில் உள்ள சம்பை என்னும் ஊரின் குன்றில், ஒரு பாறைக் குகையில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே வரியைக் கண்டனர். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த உறையுள் இது என்பது அதன் பொருள். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் கல்லில் நேரே நின்றது. கோவலூரை வென்றவன் என்று புறநானூறு அவனைப் பேசுகிறது. கோவலூருக்கு அருகிலேயே அவன் பெயர் கிடைத்ததில் வியப்பில்லை. பழந்தமிழ்க் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் இதனைக் கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கணித்தார். அசோகருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அம்மரபினர் அப்பட்டத்தை மறவாமல் சூடியிருந்தனர் என்பது இதனால் தெரிகிறது.

அவ்வரியில் முதற்சொல் மட்டும் பிராகிருதம். தமிழில் இல்லாத சகரத்தை எழுத வடபுலத்து எழுத்தையே வெட்டியிருக்கின்றனர். ஏனைய சொற்கள் தமிழ். முதற்சொல்லில் 'புதோ' என்று மகன் நிற்கிறான். அடுத்து வரும் நெடுமான் என்பதிலும் 'மான்' என்று அதே மகன் நிற்கிறான். ஒரே வரியில், ஒரே உறவு, இரு மொழிகளில் இருமுறை.